பரங்கிமலைத் தச்சர்

தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் நகருக்குச் செல்லும் நம் வட்டத்து அன்பர்கள் பரங்கிமலையை நாள்தோறும் காண்கின்றனர். அங்கு உயிர்நீத்தவராகப் போற்றப்படும் புனித தோமையார் ஒரு தச்சர் என்பதை நினைப்பவர் சிலரே.

மூன்றாம் நூற்றாண்டளவில் சிரிய மொழியில் எழுந்த தோமையார் பணிகள் என்னும் நூல் அவரைக் கைவினைஞராகவே அறிமுகம் செய்கிறது. மரத்தில் ஏர், நுகம், துடுப்பு, பாய்மரம். கல்லில் தூண், அரண்மனை. இந்தியாவுக்கு வர மறுத்தவர், வணிகன் ஒருவனுக்கு அடிமையாக விற்கப்பட்டுக் கொண்டபாரஸ் மன்னனை அடைந்தார். அரண்மனை எழுப்ப மன்னன் அளித்த பொருளை ஏழைகளுக்கு ஈந்துவிட்டுச் சிறை புகுந்தார். இறந்து மீண்ட மன்னனின் தம்பி, அவ்வரண்மனையை விண்ணுலகில் கண்டதாகக் கூறிய பின்னரே விடுதலை. கட்டாத மாளிகையால் பெயர்பெற்ற தச்சரை யான் வேறெங்கும் படித்ததில்லை.

கற்பனையெனக் கருதப்பட்ட அம்மன்னனின் நாணயங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தன. தோமையாருக்கு அத்தகைய சான்று இல்லை, கி.பி. 72இல் ஈட்டிபட்டு இறந்தார் என்பது மரபுச் செய்தியே. 1547இல் மலையில் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையின் பகலவி எழுத்தும் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. பேச்சு வழக்கில் மலைக்குப் பரங்கியர் பெயரே நிலைத்தது. மேலைநாட்டு ஓவியர்தாம் அவர் கையில் மூலைமட்டத்தை மறவாது வரைந்து வந்தனர்.