கிளாரா ஷூமன்: உழைச்சு நின்ற பியானோ டீச்சர்

தோழிகளே, நான் எழுத எடுத்துக்கிட்டது கிளாரா ஷூமன் அம்மாவை. 1819-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். அப்பாதான் பியானோ குரு. சின்ன வயசுக் கச்சேரி வருமானமும் அவர் கையிலேயே இருந்தது. அப்பா எதிர்த்ததால் கோர்ட்டுக்குப் போய், 1840-ல் இசையமைப்பாளர் ராபர்ட்டைக் கல்யாணம் செய்தார். 1854-ல் கணவர் மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். 1856-ல் அங்கேயே இறந்தார். ஏழு பிள்ளைங்க. ஊர் ஊராகக் கச்சேரி செய்து காப்பாற்றினார்.

1878-ல் பிராங்பர்ட் இசைப்பள்ளி வேலைக்குக் கூப்பிட்டப்போ, வீட்டிலேயே பாடம், தினம் ஒன்றரை மணி நேரம், கச்சேரிக்கு லீவுன்னு பேசி வாங்கினார். மகள்கள் இருவர் துணைக்கு இருந்தாங்க. 1892 வரை கற்றுக்கொடுத்தார்; 1896-ல் மறைந்தார்.

பின்னாளில் ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் அவர் முகம் வந்தது. சம்பாதிச்ச காசு கைக்கு வராமல் வளர்ந்த பொண்ணு அவங்க! நம்ம பாஸ்புக்கைத் திறக்கும்போது நினைச்சுக்குவோம்.