வேலை கொடுத்தவர், வேலையில் நிலைக்கவும் வைத்தவர்: ஜாம்ஷெட்ஜி டாடா



சமையலறையில் நீங்கள் பிரிக்கும் உப்புப் பாக்கெட்டிலிருந்து கீழே நிறுத்தி வைத்திருக்கும் கார் வரை, டாடா என்ற பெயர் நம் குடியிருப்பில் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு அடித்தளம் போட்ட ஜாம்ஷெட்ஜி நுஸ்ஸர்வான்ஜி டாடா உப்பும் விற்கவில்லை, காரும் செய்யவில்லை. அவர் முதன்மையாகப் பருத்தி ஆலை முதலாளி. 1904-லேயே காலமாகிவிட்டார்.

அவரைப் பற்றி இந்த இதழில் எழுத ஒரு காரணம் உண்டு. ஒருவர் தொழில் தொடங்கினால் நூறு பேருக்கு வேலை கிடைக்கும், நூறு குடும்பம் வறுமையிலிருந்து மீளும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எண்ணிக்கையோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். வேலைக்கு வந்தவர் அதில் நிலைத்தாரா, அடிபட்டால் யார் பார்த்தார்கள், வயதான பிறகு அவர் கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளைச் சட்டம் வருவதற்கு முன்பே கேட்டுக்கொண்ட முதலாளி இவர். கேட்டதால் நஷ்டப்படவும் இல்லை.

தொடக்கமும் முதல் அடியும்

ஜாம்ஷெட்ஜி 1839 மார்ச் 3-ஆம் தேதி குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தார். பார்சி புரோகிதர் குடும்பம். தந்தை நுஸ்ஸர்வான்ஜிதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் புரோகிதத்தை விட்டு பம்பாய்க்கு வியாபாரம் செய்யப் போனவர். மகனையும் அங்கே வரவழைத்து எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார். 1858-ல் படிப்பை முடித்த கையோடு மகன் தந்தையின் வியாபாரத்தில் சேர்ந்தார்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த பருத்தி நின்றது. அவர்கள் பம்பாய் பக்கம் திரும்பினார்கள். பருத்தி விலை தாறுமாறாக ஏறியது. பம்பாயில் கையில் காசு இருந்தவரும் இல்லாதவரும் கடன் வாங்கிப் பங்கு வாங்கினார்கள். 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது, பெரிய பெரிய வீடுகள் எல்லாம் திவாலாயின. டாடா குடும்பமும் தப்பவில்லை.

அப்போது ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். வயது 26. கையிலிருந்த உண்டியல்கள் காசு பெறாத காகிதங்களாகிவிட்டன. அவர் ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் போய் நிலைமையை அப்படியே சொன்னார். அவரது நேர்மையைப் பார்த்த அவர்கள், கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே சம்பளத்துக்கு ஒப்படைத்தார்கள். வங்கியில் வேலை பார்த்த என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். வராக்கடன் ஆன கணக்கில், கடன்காரரையே நம்பிச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம் இது.

1868-ல், 29 வயதில், 21,000 ரூபாய் முதலீட்டில் தனியாக வியாபாரம் தொடங்கினார். மறு ஆண்டே பம்பாய் சிஞ்ச்போக்ளியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையைக் கூட்டாளிகளுடன் வாங்கிப் பருத்தி ஆலையாக மாற்றினார். இரண்டே ஆண்டில் லாபத்துக்கு விற்றார். அதன் பிறகு லங்காஷயர் போய், பருத்தித் தொழிலைக் கிட்ட இருந்து பார்த்துப் படித்துவிட்டு வந்தார்.

பம்பாயை விட்டு நாக்பூருக்கு

அந்தக் காலத்தில் ஆலை என்றால் பம்பாய்தான். ஜாம்ஷெட்ஜி நாக்பூரைத் தேர்ந்தெடுத்தார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. பருத்தி விளைவது நாக்பூரைச் சுற்றி. நிலக்கரி அருகே வரோராவில் கிடைக்கிறது. ரயில் வந்துவிட்டது. அங்கே விளையும் பருத்தி பம்பாய்க்குப் போய், கப்பலேறி லங்காஷயர் போய், துணியாகத் திரும்பி அதே ஊர்க் கடைக்கு வருகிறது. போக வரக் கூலி கொடுப்பதும் நாம். அந்தத் துணியால் பிழைப்பை இழப்பதும் நம் நெசவாளர்கள். பருத்தி விளையும் இடத்திலேயே நூற்று நெய்தால் என்ன என்று நினைத்தார்.

1874-ல் 15 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தொடங்கினார். வாங்கிய இடம் சதுப்பு நிலம். மண் கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. தங்கத்தை மண்ணில் கொட்டுகிறாரே என்று உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர் கடன் தர மறுத்தாராம். பின்னாளில் அவரே, மண்ணைக் கொட்டித் தங்கத்தை அள்ளிவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

1877 ஜனவரி 1-ஆம் தேதி ஆலை திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட நாள் அது. அதனால் எம்ப்ரஸ் மில்ஸ் என்று பெயர். நிர்வாகத்துக்கு அவர் அழைத்து வந்த பெஸோன்ஜி மேத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஆலை அனுபவம் கிடையாது. ஆளைப் பார்த்து எடுத்தார், அனுபவம் தானாக வந்தது.

ஆரம்பம் சுகமாக இல்லை. முதலில் வாங்கிய இயந்திரங்கள் தரம் குறைந்தவை. துணி சரியாக வரவில்லை. பணத்தைப் போட்டு நல்ல இயந்திரங்களை மாற்றினார். அதைவிடப் பெரிய தலைவலி வேறொன்று இருந்தது. ஆட்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை.

வராத ஆளை வரவழைத்த விதம்

வந்தவர்கள் ஆலையையே பார்த்தறியாதவர்கள். சங்கு ஊதியதும் வர வேண்டும், மாலை வரை இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புதிது. அறுவடை வந்தால் ஊருக்குப் போவார்கள். கல்யாணம், திருவிழா என்றால் வர மாட்டார்கள். அந்தக் கால முதலாளிகளுக்குத் தெரிந்த வைத்தியம் அபராதம். கூலியில் பிடி, இல்லாவிட்டால் ஆளை மாற்று.

ஜாம்ஷெட்ஜி வேறு வழியில் போனார். ஒருவர் தொடர்ந்து வேலையில் இருந்தால் அவருக்கே அதில் லாபம் இருக்க வேண்டும் என்று யோசித்தார். நல்ல வேலைக்குப் பரிசு கொடுக்க ஆண்டுதோறும் விழா நடத்தினார். 1886-ல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895-ல் விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தர ஏற்பாடு செய்தார். ஆலைக்குள் காற்றோட்டம் வைத்தார். நாக்பூரின் வறண்ட வெயிலில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். காற்றில் ஈரம் ஏற்றும் கருவிகளைப் பொருத்தினார். நூலும் அறவில்லை, வேலை செய்பவருக்கும் மூச்சு முட்டவில்லை. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களையும் போட்டார்.

இவற்றை எந்தச் சட்டமும் அப்போது கேட்கவில்லை. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923-ல். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது 1952-ல். அவர் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தியதற்கும் இதற்கும் இடையில் 66 ஆண்டுகள்.

பி.காம். படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். லாப நஷ்டக் கணக்கில் கூலியும் நலநிதியும் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்படும். பழகின ஆள் வேலையை விட்டுப் போனதால் வந்த நஷ்டத்துக்கு அந்தக் கணக்கில் தனி வரி கிடையாது. புது ஆளுக்குக் கற்றுக்கொடுக்கும் நாட்கள், அறுந்த நூல், நின்ற இயந்திரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் லாபத்தில் குறையும். ஜாம்ஷெட்ஜி எழுதப்படாத அந்த வரியையும் படித்தார். எம்ப்ரஸ் மில்ஸ் நல்ல லாபம் தந்தது. அவரது பிற்காலக் கனவுகள் பலவற்றுக்கு அந்த ஆலையே முதுகெலும்பு.

தோல்விகளும் உண்டு

தொட்டதெல்லாம் பொன்னாகவில்லை. 1886-ல் பம்பாய் குர்லாவில் ஒரு பழைய ஆலையை வாங்கி சுதேசி மில்ஸ் என்று பெயர் வைத்தார். இயந்திரங்கள் துருப்பிடித்த கூடு. பணம் உறிஞ்சியது. வெளியில் கடன் கிடைக்காதபோது சொந்தப் பங்குகளை விற்று ஆலையைக் காப்பாற்றினார்.

1893-ல் ஜப்பானியக் கப்பல் கம்பெனியுடன் சேர்ந்து, தூர கிழக்கு நாடுகளுக்குச் சரக்குக் கப்பல் விட்டார். அந்தப் பாதையில் கோலோச்சிய பி அண்ட் ஓ கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நிறுத்திவிட்டார். அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து நம் வ.உ.சி. தூத்துக்குடியில் சந்தித்ததும் இதே மாதிரிப் போட்டியைத்தான்.

தான் பார்க்காத பலன்

1882-ல், மத்திய மாகாணத்தின் இரும்புத்தாது பற்றி ஜெர்மானிய நிபுணர் ஒருவர் எழுதிய அறிக்கை அவர் கண்ணில் பட்டது. அன்றே உருக்கு ஆலை ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் அரசின் சுரங்க விதிகள் கடுமையாக இருந்தன. 1899-ல் விதிகள் தளர்ந்தபோது அவருக்கு வயது 60. அதற்குப் பிறகும் விடவில்லை. 1902-ல் அமெரிக்கா போய் உருக்கு ஆலைகளை நேரில் பார்த்து, நிபுணர்களை ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், ஆலை எங்கே அமையும் என்றே தெரியாத நிலையில், தொழிலாளர் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்: அகலமான சாலை, சீக்கிரம் வளரும் நிழல் மரம், விளையாட்டுத் திடல், பூங்கா, எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டு இடம்.

இதற்கிடையில் 1892-ல், வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்குக் கல்விக்கடன் தரும் நிதியை ஏற்படுத்தினார். அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்க 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை ஒதுக்கினார். 1903 டிசம்பரில் பம்பாயில் தாஜ் மஹால் ஓட்டலைத் திறந்தார். 1904 மே 19-ஆம் தேதி ஜெர்மனியில் நௌஹைம் என்ற ஊரில் காலமானார். உருக்கு ஆலைக்கு அப்போது இடம்கூட முடிவாகவில்லை. ஆராய்ச்சி நிறுவனமும் பிறக்கவில்லை. அது 1909-ல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமாக உருவானது.

பிள்ளைகள் விடவில்லை. 1907-ல் லண்டனில் மூலதனம் கேட்டுப் பார்த்தார்கள், காரியம் ஆகவில்லை. பம்பாயில் பங்கு வெளியிட்டார்கள். மூன்றே வாரத்தில் ஏறத்தாழ 8,000 இந்தியர்கள் வாங்கி முடித்தார்கள். 1912 பிப்ரவரியில் சாக்ச்சி என்ற இடத்தில் முதல் உருக்குக் கட்டி வந்தது. அதே ஆண்டு அங்கே எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. 1915-ல் இலவச மருத்துவம், 1920-ல் வைப்பு நிதி, சம்பளத்தோடு விடுப்பு. 1919-ல் அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார்கள். நாக்பூரில் தந்தை போட்ட பாதையில் பிள்ளைகள் நடந்தார்கள்.

எல்லாம் குறையில்லாமல் நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஜாம்ஷெட்பூரிலும் 1920-ல், 1928-ல் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் நிலம் போன பழங்குடியினரின் கதை தனிக்கதை. நூறாண்டு கடந்து ஓடிய எம்ப்ரஸ் மில்ஸும் இன்று இல்லை. ஆனாலும் அங்கே வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடைசியில் கையில் ஏதோ பணத்தோடு வீட்டுக்குப் போனவர்களின் தலைமுறைகள் இருக்கின்றன. வறுமை குறைவது அந்த வகையில்தான். ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் அலைச்சல் என்றால் எத்தனை வேலை உண்டானாலும் குடும்பம் மேலே வராது.

நமக்கு இதில் என்ன?

நம்மில் சிலரின் பிள்ளைகள் சொந்தத் தொழில் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் தொழில் தொடங்காத நாமும் ஒரு வகையில் முதலாளிகள்தான். வாசல் காவலர், துப்புரவுப் பணியாளர், தோட்டக்காரர், பம்பு ஆபரேட்டர் எல்லோருக்கும் நம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் சம்பளம் போகிறது. ஒப்பந்தக்காரர் நடுவில் இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடிக்கடி காவலர் மாறுகிறார், புதியவருக்கு யார் எந்த வீடு என்றே தெரியவில்லை என்று சலித்துக்கொள்கிறோம். ஜாம்ஷெட்ஜிக்கு நாக்பூரில் வந்த அதே தலைவலிதான் இது.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, யார் குறைந்த தொகை கேட்கிறார்கள் என்பதோடு மூன்று விஷயங்களையும் சேர்த்துப் பார்ப்போம். நாம் கொடுக்கும் தொகையில் பணியாளர் கைக்கு எவ்வளவு போகிறது? பி.எஃப்., இ.எஸ்.ஐ. மாதாமாதம் கட்டிய ரசீது உண்டா? வாரத்தில் ஒரு நாள் அவருக்கு விடுமுறை உண்டா? பதில்களைக் காகிதத்தில் வாங்கிப் பொதுக்குழுவில் வைக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சதுர அடிக்குச் சில காசுகள் கூடலாம். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், மாலை வேளைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன்.