கெர்ட்டிக்கு மூச்சுக் கொடுத்தவர்

மென்பொருளில் பந்து துள்ளும் காட்சியை அமைக்கும்போது உச்சியிலும் தரையிலும் மட்டுமே நான் கீபிரேம் வைக்கிறேன். இடைப்பட்ட படங்களைக் கணினியே நிரப்பிவிடுகிறது. இதே வேலையைக் கையால் செய்தவர் வின்சர் மெக்கே.

அமெரிக்க நாளிதழ் ஓவியரான அவர், 1911இல் தம் 'லிட்டில் நீமோ' சித்திரக்கதை மாந்தரை ஏறத்தாழ 4,000 ஓவியங்களால் திரையில் அசையவைத்தார். 1914இல் 'கெர்ட்டி' என்ற டைனோசர் வந்தது. பின்னணியைப் படியெடுக்க ஓர் உதவியாளர் இருந்தார். கெர்ட்டியை வரைந்தது மெக்கேதான். அது மூச்சுவிடும் வேகத்தைக்கூடத் தம் மூச்சை அளந்தே கணக்கிட்டாராம்! படங்களை வரிசையாக வரைந்துகொண்டே போனால் கால அளவு பிசகிவிடும். ஆகவே, ஓர் அசைவின் முக்கிய நிலைகளை முதலில் வரைந்தார். பிறகு அவற்றுக்கு நடுவே ஒன்று, அதற்கும் நடுவே ஒன்று எனப் பாதி பாதியாக நிரப்பினார்.

இம்முறைக்கு அவர் காப்புரிமை கோரவில்லை, கேட்டவர்களிடம் ஒளிக்கவுமில்லை. ஆனால், ஜான் பிரே என்பவர் அசைவூட்ட உத்திகளுக்குக் காப்புரிமை பெற்று, மெக்கே மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கு தோற்றது, சில ஆண்டுகள் மெக்கேக்கு உரிமத்தொகையும் கிடைத்தது. அவரோ மீண்டும் வரைபலகைக்கே திரும்பினார். லூசிட்டானியா கப்பல் மூழ்கியதைச் சுமார் 25,000 ஓவியங்களில் காட்டும் படம் 1918இல் வெளிவந்தது. 1934இல் அவர் மறைந்தார்.