பிடி கொடுத்த பெர்குசன்



ஒரகடம் பக்கம் எங்க ஊர். எங்கப்பா கூலிக்கு டிராக்டர் ஓட்டுபவர், பள்ளிக்கூடம் போகாதவர். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா ஓட்டும் வண்டியில் மாஸி பெர்குசன் என்று எழுதியிருக்கும். சின்ன வயசில் எழுத்துக் கூட்டிப் படித்த அந்தப் பெயரில் இருக்கும் பெர்குசன் ஒரு மனிதர் என்று டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஹாரி பெர்குசன் 1884-ல், இன்றைய வட அயர்லாந்தில், ஒரு விவசாயி மகனாகப் பிறந்தார். 14 வயதில் படிப்பை விட்டு வயல் வேலைக்குப் போனார். பிறகு பெல்பாஸ்டில் அண்ணனுடைய மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்தார். 1909 டிசம்பர் 31-ல், தானே செய்த விமானத்தில் பறந்தார்!

அந்தக் காலத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க டிராக்டரையே கனமாகச் செய்தார்கள். பெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் டிராக்டரோடு பிணைத்து, ஹைட்ராலிக்கால் கட்டுப்படுத்தினார். உழும்போது உண்டாகும் விசையே பின்சக்கரங்களை மண்ணில் அழுத்தியது. லேசான வண்டியும் நன்றாக உழுதது. அவருடைய டிராக்டர்களில் மூன்று, சக்கரங்களைச் சுற்றிப் பட்டை மாட்டி, ஹிலாரி குழுவோடு 1958 ஜனவரி 4-ல் தென் துருவத்தையே தொட்டன.

கடைசிப் பத்தாண்டுகளில் அவர் கவனம் காரின் பக்கம் திரும்பியது. பனியில் ஒரு சக்கரம் வழுக்கினால், டிஃபரன்ஷியல் சுழற்சியை எல்லாம் அதற்கே தள்ளிவிடும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சேற்றில் அப்பா ஒரு பெடலை மிதிப்பார். அது டிஃபரன்ஷியல் லாக். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழலும். ஆனால் வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல வேண்டுமே! அதனால் சாலைக் காரை அப்படிப் பூட்டி ஓட்ட முடியாது. பெர்குசன் குழு நான்கு சக்கரங்களுக்கும் சக்தி கொடுத்து, முன்பின் சக்கரங்களின் வேக வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டாமல் நடுவில் கட்டுப்படுத்தியது.

1960 அக்டோபரில் அவர் இறந்தார். மறு வருஷமே அவருடைய நான்கு சக்கர இயக்கக் கார், ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, இங்கிலாந்தில் ஓல்டன் பார்க் பந்தயத்தில் ஜெயித்தது. 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற காரில் அந்த முறை விற்பனைக்கே வந்தது.

ஒரு நாள் ராத்திரி அப்பாவுக்குத் தரையில் சாக்பீஸால் டிஃபரன்ஷியலை வரைந்து காட்டினேன். பெடலை எப்போது மிதிக்கணும், எப்போது விடணும் என்று அவர் சொன்னார். ஏன் என்று நான் சொன்னேன். விண்ணப்பங்களில் தந்தை தொழில் என்ற இடத்தில் எழுதக் கூச்சப்பட்டவன் நான். இனி டிராக்டர் ஓட்டுநர் என்று தெளிவாகவே எழுதுவேன், நண்பர்களே!