ஆயிரம் முகம் படைத்த லான் சேனி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நவம்பர் முதல் நாள் கிறித்தவ உலகில் அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்தைய இரவை அமெரிக்காவில் ஹாலோவீன் என்று கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்குவார்கள்; பெரியவர்கள் திகில் படம் பார்ப்பார்கள். அந்த அக்டோபர் 31-ஆம் நாளையொட்டி அங்கே பல ஊர்களில், திரையரங்குகளில் மட்டுமன்றித் தேவாலயங்களிலும்கூட, ஆர்கன் இசையோடு ஓர் ஊமைப்படத்தை இன்றும் காட்டுகிறார்கள். 1925-இல் வெளிவந்த 'தி பேண்டம் ஆஃப் தி ஓப்பரா' என்பதே அப்படம். பேய்ப்படம் என்றதும் முகம் சுளிக்கும் பேராசிரியப் பெருமக்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நான் எழுத வந்தது பேயைப் பற்றியன்று. அந்தப் படத்தில் நடித்த மனிதரைப் பற்றி.

லான் சேனி 1883 ஏப்ரல் முதல் நாள் கொலராடோ மாநிலத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை முடி திருத்தும் தொழிலாளி. தந்தை, தாய் இருவருக்கும் காது கேளாது, பேச்சும் இல்லை. அம்மாவின் தந்தைதான் அம்மாநிலத்தில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கியவர். ஆகவே அந்த வீட்டின் மொழி கைகளும் முகமும்தான். பிற்பாடு தாயார் முடக்குவாதத்தால் படுக்கையில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிச் சிறுவன் லான் நான்காம் வகுப்போடு படிப்பை விட்டான். வெளியே போய் வந்ததும் கட்டிலருகே நின்று, தெருவில் அன்று கண்டதையெல்லாம் நடித்துக் காட்டுவான்: கடைக்காரர் நடை, அண்டை வீட்டார் சண்டை, யாருடைய கோபம், யாருடைய சிரிப்பு என எல்லாவற்றையும். உலகில் எத்தனையோ நடிப்புக் கல்லூரிகள் இருக்கலாம். இப்படி ஒன்று வேறெங்கும் இருந்திருக்குமா?

இந்த இடத்தில் என் வீட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அன்னைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடுமுறையில் ஊருக்குப் போனால், ஆய்வகத்தில் என்ன நிறம் மாறியது, எந்தக் குழாய் உடைந்தது, யார் திட்டு வாங்கினார் என்று இரவுச் சோற்றுக்குப் பிறகு சொல்லியாக வேண்டும். அதனால்தான் அந்தக் கட்டிலருகே நின்ற சிறுவன் எனக்கு அந்நியனாகத் தெரியவில்லை.

உள்ளூர் நாடக அரங்கில் எடுபிடி வேலை செய்து, 1902-இல் மேடையேறி, ஊர் ஊராக நாடகக் குழுவோடு அலைந்தார். கிளேவா என்னும் பாடகியை மணந்தார். மணவாழ்க்கை கசந்தது. 1913-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், அவர் பணியாற்றிய அரங்கிலேயே அந்த அம்மையார் மெர்க்குரிக் குளோரைடை விழுங்கிவிட்டார். நம் ஆய்வக அலமாரியில் நச்சுக்குறி ஒட்டிய புட்டியில் இருக்குமே, அதே பொருள்தான். உயிர் பிழைத்தது, பாடும் குரல் போயிற்று. இந்த அவப்பெயரால் சேனிக்கு நாடக மேடையின் கதவு மூடியது. பிழைப்புக்காகவே திரைப்படத்துக்கு வந்தார். மகனைச் சில காலம் விடுதிகளில் விட வேண்டியிருந்தது. 1915-இல் மறுமணம் செய்த பிறகே வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

முதலில் சில்லறை வேடங்கள்தாம். 1919-இல் 'தி மிராக்கிள் மேன்' படத்தில் உடல் முறுக்கிய முடவனாக நடித்துப் பெயர் பெற்றார். மறு ஆண்டு 'தி பெனால்டி'யில் இரு காலும் இல்லாத கொடியவன் வேடம். கால்களை முழங்காலில் மடக்கித் தோல்வாரால் பின்னே கட்டிக்கொண்டு நடந்தார். இரத்த ஓட்டம் தடைப்படுவதால் சிறிது நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்தாக வேண்டும். 1923-இல் 'நோட்ரடாம் கூனன்' வந்தது. 'ஏழை படும் பாடு' மூலம் நாம் அறிந்த விக்டர் ஹியூகோவின் கதைதான். கூனின் எடை 70 பவுண்டு என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் சுமார் 20 பவுண்டுதான் என்பது பின்னால் ஆராய்ந்தவர்கள் கருத்து. விளம்பரக்காரர்கள் எந்நாட்டிலும் ஒரே இனம் போலும்!

அந்தப் படத்தைச் சென்ற விடுமுறையில் கைப்பேசியில் என் அன்னைக்குக் காட்டினேன். இடையிடையே வரும் ஆங்கில எழுத்தைப் படித்துச் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவர் கேட்கவேயில்லை. சாட்டையடி பட்ட கூனன் தாகத்தால் துடிக்க, அந்தப் பெண் தண்ணீர் கொடுக்கும் கட்டத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காது கேளாத அன்னைக்காகக் கற்ற மொழி, நூறாண்டு கழித்து எழுத்தறியாத அன்னைக்கும் புரிந்தது.

'பேண்டம்' படத்தில் முகமூடி கழன்று எலும்புமுகம் தெரியும் கட்டம் புகழ்பெற்றது. படம் வெளிவரும்வரை அந்த முகத்தின் புகைப்படத்தை நிறுவனத்தார் வெளியிடவில்லை. ஒப்பனை முழுவதும் சேனியே செய்தது. தழும்புகளுக்கு அவர் கையாண்டது கொலோடியன். நைட்ரோசெல்லுலோஸை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த கரைசல் அது. தோலில் தடவினால் ஈதர் ஆவியாகி, படலம் சுருங்கித் தோலையும் சேர்த்து இழுக்கும். பயன் அழகன்று என்றாலும் வேதியியல்தான். நான்காம் வகுப்போடு நின்ற இவரைக் கொண்டே, 1929-இல் வெளிவந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 14-ஆம் பதிப்புக்கு ஒப்பனை பற்றிய கட்டுரையை எழுத வைத்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் நூலகத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பேசும்படம் வந்த பின்னும் சிறிது காலம் அவர் வாய் திறக்கவில்லை. பிறகு 1930-இல் 'தி அன்ஹோலி த்ரீ' படத்தில் கிழவி, கிளி, பொம்மை உட்பட ஐந்து குரலில் பேசினார். எல்லாம் தம் குரலே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரத்திலும் கையெழுத்திட்டார். அதுவே அவருடைய ஒரே பேசும்படம். நுரையீரலில் புற்றுநோய். இறுதி நாள்களில் பேச்சு அடியோடு நின்றுபோக, பிள்ளைப் பருவத்தின் கைமொழிக்கே திரும்பினார். 1930 ஆகஸ்டு 26-இல் 47-ஆம் வயதில் மறைந்தார். கிளெண்டேல் நகரக் கல்லறையில் அவர் இருக்கும் இடத்தில் பெயர் பொறிக்கப்படவில்லை. மகன் பின்னாளில் தந்தையின் பெயரையே சூடி, 1941-இல் 'தி உல்ஃப் மேன்' படத்தில் ஓநாய் மனிதனாக நடித்தார்.

சேனி நடித்தவை 150-க்கு மேல். பெரும்பகுதி இன்று இல்லை. அக்காலப் படச்சுருளும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். எளிதில் தீப்பற்றும், தானாகவும் சிதையும். 1927-இல் வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தின் கடைசிப் பிரதியும் 1960-களில் எம்.ஜி.எம். கிடங்கில் பற்றிய தீயில் போயிற்று. கூரிய பல்லும் உயர்ந்த தொப்பியுமாக அவர் நிற்கும் புகைப்படங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. வேறெங்கேனும் ஒரு பிரதி கிடக்கும் என்று தேடுகிறவர்கள் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.