திரும்பிப் போகக் கேட்டார், தங்க வைத்தான் அல்லாஹ்

கஷ்டம் நீண்டுகொண்டே போகும்போது ஈமான் உள்ளவரையும் ஒரு கேள்வி வாட்டும். இவ்வளவு துஆக் கேட்டும் ஏன் இன்னும் விடிவில்லை என்பதே அது. கொட்டகலையில் சிறியதொரு கடை நடத்தும் நான் 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் எங்கள் கடைகளில் வியாபாரம். கடன் கொப்பியில் ஏறிய பெயர்கள் லேசில் இறங்குவதில்லை. சோர்ந்து பேசும் வாலிபர்களுக்கு நான் சொல்வது ஒராபி பாஷாவின் வரலாற்றைத்தான்.

அஹ்மத் ஒராபி 1841 இல் எகிப்தின் ஸகாஸிக் நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். சிறு வயதில் தந்தையை இழந்தார். அல் அஸ்ஹரில் சில காலம் ஓதிவிட்டுப் படையில் சேர்ந்தார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் உயர் பதவிக்கு வருவது அரிதாக இருந்த அந்தப் படையில் அவர் கேணல் ஆனார். 1881 செப்டம்பரில் ஆப்தீன் அரண்மனைக்கு முன்னால் படையோடு போய் நின்று, ஆட்சியாளரிடம் மக்களுக்காகப் பாராளுமன்றம் கேட்டார். மறு வருடம் யுத்த அமைச்சரானார். அதே 1882 செப்டம்பர் 13 ஆம் திகதி விடியற்காலை, தல் அல் கபீரில் பிரித்தானியப் படை சுமார் ஒரு மணித்தியாலத்தில் அவரைத் தோற்கடித்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுள்கால நாடு கடத்தலாக மாற்றப்பட்டது.

1883 ஜனவரியில் தன் தோழர்கள் ஆறு பேருடன் அவர் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். வயது 41. நாடு, பதவி, சொத்து எல்லாம் போய்விட்டன. எங்கள் மலைநாட்டில் கோப்பிச் செடிகள் நோயில் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. நானு ஓயா வரை ரயில் பாதை வந்தது 1885 இல்தான்.

அன்று இலங்கை முஸ்லிம்களும் ஒரு வகையில் பின்தங்கிக் கிடந்தார்கள். மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சி, ஆங்கிலக் கல்வியிலிருந்து ஒதுங்கி நின்றார்கள். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி இதற்காகவே போராடிக்கொண்டிருந்தார். ஒராபி அவருக்குத் துணையாக நின்றார். முதல் முயற்சியில் தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. அவர்கள் விடவில்லை. 1892 ஆகஸ்டில் மருதானையில் புதிய மத்ரஸா ஒன்று திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

இதை வாசித்து, அவருடைய கவலை அத்தோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 1891 இல் தோழர் அப்துல் ஆல் ஹில்மி கொழும்பிலேயே மௌத்தானார். கவிஞர் மஹ்மூத் ஸாமி அல் பாரூதி பார்வை மங்கி 1899 இல் ஊர் திரும்பினார். தோழர்களுக்குள்ளேயே மனக்கசப்புகளும் இருந்தன. கொழும்பின் காலநிலை ஒத்துக்கொள்ளாமல் ஒராபி கண்டிக்குக் குடிபெயர்ந்தார். ஊருக்குப் போக அனுமதி கேட்டு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். 18 வருடங்களுக்குப் பிறகு, 1901 இல்தான் அது கிடைத்தது.

திரும்பிப் போன இடத்திலும் மாலையோடு எவரும் காத்திருக்கவில்லை. பறிமுதலான சொத்து கைக்கு வரவில்லை. புதிய தலைமுறைத் தேசியவாதிகள் பலர் அவரைத் தோல்விக்குக் காரணமானவராகவே பார்த்தார்கள். 1911 செப்டம்பர் 21 ஆம் திகதி கெய்ரோவில் காலமானார். 1952 புரட்சிக்குப் பிறகுதான் எகிப்து அவரை வீரராகக் கொண்டாடியது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

யூசுஃப் (அலை) அவர்களை அல்லாஹ் அடிமையாக எகிப்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒராபியையோ கைதியாக எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்தான். யூசுஃப் நபிக்கு முடிவில் பதவியும் தந்தையும் கிடைத்தார்கள். ஒராபிக்கு இம்மையில் அப்படியொரு முடிவு கிடைக்கவில்லை. ஆனால் அவர் விரும்பாமல் வந்த நாட்டில், அவர் துணை நின்ற பாடசாலையில், நம் சமூகத்தின் எத்தனையோ தலைமுறைகள் படித்து வெளியேறிவிட்டன.

எனவே கஷ்ட காலத்து ஈமானை, கேட்டது கிடைத்ததா என்பதை வைத்து மட்டும் அளக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். கேட்டது வரும்வரை, நிறுத்திவைக்கப்பட்ட இடத்தில் நாம் என்ன செய்தோம் என்பதும் இபாதத்தோடு சேர்ந்ததுதான். துஆ ஒரு பக்கம் நடக்கட்டும், கையில் உள்ள வேலை மறுபக்கம் நடக்கட்டும்.

மலைநாட்டுச் சிறு நகரங்களில் இருக்கும் என் சகோதரர்களிடம் இதையே கேட்டுக்கொள்கிறேன். வியாபாரம் படுத்துவிட்டது என்பதற்காகச் சாதாரண தரத்தோடு மகனைக் கடையில் நிறுத்திவிடாதீர்கள். மகளின் படிப்பை மறிக்காதீர்கள். பள்ளி நிர்வாகங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் உயர்தரச் செலவையாவது பொறுப்பெடுக்கலாம். அதன் பலனை நாம் காணாமலே போகலாம். ஒராபியும் முழுதாகக் காணவில்லை. கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

அவருடைய பிழைகளை மன்னித்து, நன்மைகளை ஏற்று, நமக்கும் பொறுமையைத் தந்தருள்வானாக. ஆமீன்.