ருடோல்ஃப் டீசல்: இடம்பெயர்ந்த சிறுவன் செய்த இயந்திரம்

டீசல் வாகனத்துக்கு இன்னும் பெரிய டர்போ பூட்டலாமா? நான் பேசிய கராஜ்காரர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்கு முகம்கொடுத்திருக்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். சிலருக்கு வேகம் வேண்டும். சிலருக்கு லீசிங்கில் எடுத்த வாகனத்தில் இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றி, தவணைக் காசைச் சீக்கிரம் உழைத்துவிட வேண்டும். இதுபற்றி எழுதுவதற்காக விபரம் தேடத் தொடங்கிய நான், அந்த எஞ்சினுக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டுப் போன மனிதரிடம் வந்து சேர்ந்தேன்.

டீசல் என்பதை நாங்கள் எண்ணெயின் பெயராகத்தான் அறிவோம். உண்மையில் அது ஒரு குடும்பப் பெயர். ருடோல்ஃப் டீசல் 12 வயதில் போரினால் இடம்பெயர்ந்தவர். 55 வயதில் கடற்பயணம் ஒன்றில் காணாமற்போனவர். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் அவர் செய்த வேலைதான் இன்றும் எங்கள் பஸ்ஸிலும் உழவு இயந்திரத்திலும் மீன்பிடிப் படகிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாரிஸிலிருந்து துரத்தப்பட்ட குடும்பம்

1858 மார்ச் 18 அன்று பாரிஸில் அவர் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தகப்பன் தோல் பொருட்கள் செய்து விற்றுப் பிழைத்தவர். மூன்று பிள்ளைகளில் ருடோல்ஃப் நடுப்பிள்ளை. பிரெஞ்சுப் பள்ளியில் நன்றாகப் படித்துப் பதக்கம் வாங்கி, மேல்வகுப்புக்குப் போக ஆயத்தமாக இருந்த 1870ஆம் ஆண்டில், பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வெடித்தது. ஜேர்மன்காரர் என்பதால் அந்தக் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. கடையையும் வீட்டையும் விட்டு அவர்கள் லண்டனுக்குப் போனார்கள்.

லண்டனில் ஐந்து பேரின் சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலை. ஒரு வாயாவது குறையட்டும், பையனின் படிப்பும் கெடாமல் இருக்கட்டும் என்று, ருடோல்ஃபைத் தனியாக ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு கணித ஆசிரியர். முதன்முதலாக இயந்திரக் கல்வி அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது அங்கேதான். 14 வயதிலேயே தான் பொறியியலாளர் ஆகப்போவதாக அவர் பெற்றோருக்கு எழுதிவிட்டார். அவர்களோ பையன் சீக்கிரம் வேலைக்குப் போய் உழைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். புலமைப்பரிசில் கிடைத்ததும் அவர்களின் விருப்பத்தை மீறி மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார்.

இடம்பெயர்ந்த பிள்ளைகள் படிப்பைப் பிடித்துக்கொள்ளும் விதம் ஒன்று உண்டு. வீடும் காணியும் போகலாம், படித்தது போகாது என்ற எண்ணம் அது. டீசலின் மாணவப் பருவத்தை வாசித்தபோது எனக்கு அந்த விதம் நன்றாகத் தெரிந்தது. கடைசிப் பரீட்சை நேரத்தில் நெருப்புக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அடுத்த வாய்ப்பு வரும்வரை சுவிற்சர்லாந்தின் சுல்சர் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் மிக உயர்ந்த சித்தியுடன் வெளியேறினார்.

நெருப்பில்லாமல் பற்றவைத்தல்

குளிரூட்டும் இயந்திரத் துறையின் முன்னோடியான கார்ல் ஃபொன் லிண்டே மியூனிக்கில் அவருடைய பேராசிரியர். நிலக்கரியிலுள்ள சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீராவி இயந்திரத்தால் பெரும்பாலும் வேலையாக மாற்ற முடிவதில்லை என்பதை லிண்டேயின் வகுப்பில் டீசல் கேட்டார். மிச்சமெல்லாம் வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த வீண்விரயம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. லிண்டேயின் நிறுவனத்தில் வேலை, 1883இல் மார்த்தாவுடன் திருமணம், மூன்று பிள்ளைகள் என்று வாழ்க்கை போய்க்கொண்டிருந்தபோதும் மனம் அந்தக் கணக்கிலேயே நின்றது.

அவர் கண்ட வழி விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை நெருக்கினால் அது சூடாகும். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் எடுத்து, மிகவும் இறுக்கமாக நெருக்கினால், எண்ணெயைத் தூவிய உடனேயே அது தானாகப் பற்றிக்கொள்ளும். பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக் இதற்குத் தேவையில்லை. எவ்வளவு இறுக்கமாக நெருக்குகிறோமோ அந்த அளவுக்கு எண்ணெய் மிச்சமாகும்.

1892இல் விண்ணப்பித்த காப்புரிமை அடுத்த ஆண்டு கிடைத்தது. கடதாசியில் அவர் போட்ட கணக்கு 250 வளிமண்டல அழுத்தம் வரை போனது. அந்தக் காலத்து இரும்பு அதைத் தாங்காது. ஆக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் துணைக்கு வந்த பிறகு அவர் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தார். அப்படியும் 1893 ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் பரிசோதனையில், எண்ணெய் பற்றியவுடன் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஆனால் நெருப்பில்லாமல் எண்ணெய் பற்றும் என்பது அன்று நிரூபணமாகிவிட்டது.

1894 பெப்ரவரி 17 அன்று எஞ்சின் தன் சொந்தப் பலத்தில் ஒரு நிமிடமளவு ஓடியது. இன்னும் மூன்று ஆண்டுகள் உடைத்தும் திருத்தியும் வேலை நடந்தது. 1897 பெப்ரவரியில் பேராசிரியர் மொரிற்ஸ் ஷ்ரோற்றர் அதை அளந்து பார்த்தார். ஒரேயொரு சிலிண்டர், ஏறத்தாழ 18 குதிரைவலு, எண்ணெயின் சக்தியில் 26.2 வீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி இயந்திரம் எதுவும் அதற்குக் கிட்டவும் வரவில்லை.

டர்போ பற்றிக் கேட்கும் இளைஞர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 1896இலேயே டீசல், சிலிண்டருக்குள் போகும் காற்றை வெளியிலேயே ஒருமுறை நெருக்கி அனுப்பிப் பார்த்தார். இன்றைய டர்போ செய்வதும் அடிப்படையில் இதைத்தான். எஞ்சினின் பலம் கூடியது. ஆனால் அந்தக் காற்றை நெருக்குவதற்கு எஞ்சினின் சொந்தப் பலமே செலவானதால் எண்ணெய்ச் சிக்கனம் கெட்டது. சிக்கனத்துக்காகவே அந்த எஞ்சினை உருவாக்கியவர் அந்த வழியைக் கைவிட்டார்.

பணமும் நோயும்

1897க்குப் பிறகு பணம் கொட்டியது. அமெரிக்க உரிமை மட்டும் பத்து லட்சம் மார்க்குக்குப் போனது. 1898இல் ஆக்ஸ்பேர்க்கில் தொடங்கிய கம்பனி அவரது காப்புரிமைகளை 35 லட்சம் மார்க்குக்குப் பொறுப்பேற்றது. மியூனிக்கில் மாளிகை கட்டினார். ஆனால் விற்ற எஞ்சின்கள் பல சரியாக ஓடாமல் திரும்பி வந்தன. காப்புரிமைக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். தலையிடியும் மனச்சோர்வும் தாங்காமல் 1898இலேயே அவர் சிகிச்சை நிலையத்தில் தங்க நேர்ந்தது. நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட முதல் அழிந்தது. இயந்திரத்துக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அளந்து அளந்து குறைத்தவர், தன் சொந்தக் கணக்கில் அப்படிச் செய்யவில்லை.

1903இல் தொழிலாளர்கள் கூட்டுச் சேர்ந்து சொந்தமாகத் தொழில் நடத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தன் கண்டுபிடிப்புகளிலேயே அது பெரியது என்று அவர் நம்பினார். வாங்க ஆளில்லை.

எங்களுக்கு நெருக்கமான ஒரு விடயமும் இந்தக் காலத்தில் நடந்தது. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கச்சான் எண்ணெயில் ஓடியது. ஆபிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கச்சானை அங்கேயே எரிபொருளாக்கலாமா என்று அறிய பிரெஞ்சு அரசு விரும்பியிருந்தது. பின்னாளில் டீசலும் தாவர எண்ணெய்களைப் பரிசோதித்து, அவற்றுக்கு ஒரு காலம் வரும் என்று பேசினார். பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளிப் பெற்றோலில் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவை பெற்றோல் எஞ்சின்கள். வேலை செய்யும் முறை வேறு. ஆனால் கையில் இருப்பதை எரித்து எஞ்சினை ஓடவைக்க வேண்டும் என்ற தேவை ஒன்றுதான்.

1913 செப்ரெம்பர் 29

அன்று மாலை அவர் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தில் ‘ட்றெஸ்டன்’ என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் டீசல் எஞ்சின் கம்பனிக் கூட்டம் ஒன்றுக்குப் போகும் பயணம். கூட வந்தவர்களுடன் இரவுச் சாப்பாடு முடித்து, பத்து மணியளவில் அறைக்குப் போனார். காலை 6.15க்கு எழுப்பும்படி சொல்லியிருந்தார். காலையில் கதவைத் தட்டியவர்களுக்குப் பதில் வரவில்லை. படுக்கையில் ஆள் படுத்த அடையாளமில்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்பக்கக் கைப்பிடி ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

ஒக்ரோபர் 10 அன்று ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. ஏற்றிச் செல்லக்கூடிய நிலையில் அது இல்லை. சட்டைப்பையில் இருந்த மருந்துச் சிமிழ், பணப்பை, பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டார்கள். மூன்று நாள் கழித்து, அவை தன் தகப்பனுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். உடல் இல்லாமல் பொருட்களை மட்டும் பார்த்துத் தகப்பனை அடையாளம் காட்டுவது என்றால் என்னவென்று, இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவரிடம் கடன் நிறைய இருந்தது பிறகு தெரியவந்தது. நாட்குறிப்பில் அந்தத் திகதிக்கு நேரே ஒரு சிலுவை அடையாளம் இருந்தது. தானாகவே உயிரை விட்டார் என்பதுதான் பலரின் முடிவு. நீர்மூழ்கிக் கப்பல் இரகசியங்களுக்காக ஜேர்மனி கொன்றது என்றும், எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்றும் கதைகள் இன்றும் உலாவுகின்றன. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே உலகப் போர் தொடங்கியது. போரால் துரத்தப்பட்ட அந்தச் சிறுவனின் எஞ்சின், நீர்மூழ்கிகளில் ஏறிக் கப்பல்களை மூழ்கடித்தது.

பெரிய டர்போ பூட்ட முன்

டீசல் கைவிட்ட வழியை முடித்துவைத்தவர் அல்ஃபிரெட் புய்க்கி என்ற சுவிஸ் பொறியியலாளர். டீசல் வேலை பழகிய அதே சுல்சர் தொழிற்சாலையில் இவரும் பணியாற்றினார். புகைக்குழாயால் வீணாகப் போகும் காற்றைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள இன்னொரு சக்கரத்தால் புதிய காற்றை நெருக்கி அனுப்பலாம் என்று 1905இல் காப்புரிமை எடுத்தார். காற்றை நெருக்க எஞ்சினின் சொந்தப் பலம் போகிறது என்ற டீசலின் சிக்கலுக்கு இதுதான் விடை. ஆனால் நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களில் இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் எஞ்சின்கள் இந்த முறையால் 1750இலிருந்து 2500 குதிரைவலுவாக உயர்ந்தன. காருக்கு வர 1978 ஆனது. அந்த ஆண்டு மெர்சிடிஸ் நிறுவனம் டர்போ டீசல் காரை விற்பனைக்கு விட்டது.

இந்த வரலாறு கராஜ் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. பெரிய டர்போ என்றால் பெரிய சக்கரம். அதைச் சுழற்ற அதிகப் புகைக்காற்று வேண்டும். ஆகவே குறைந்த வேகத்தில் இழுவை பிந்தி வரும். உயர்ந்த சுற்றில்தான் அதன் பலம் தெரியும். பாரத்தோடு குழி விழுந்த வீதியில் மெதுவாகப் போகும் வாகனத்துக்கு அது நேர்மாறான மருந்து. காற்றை மட்டும் கூட்டினால் பலம் வராது, எண்ணெயையும் கூட்ட வேண்டும். எண்ணெய் காற்றை மீறினால் கறுப்புப் புகையும் அதிக வெப்பமும் வரும். அந்த வெப்பம் பிஸ்டனையும் டர்போவையும் தின்னும். இரண்டையும் சரியாகக் கூட்டினாலும் உள்ளழுத்தம் ஏறும். ஹெட் காஸ்கெட், கொன்ரொட், கிளச், கியர்பொக்ஸ் எல்லாம் பழைய அளவுக்குச் செய்யப்பட்டவை. தவணை முடியாத வாகனத்தில் எஞ்சின் உடைந்தால், தவணை நிற்காது.

ஆசையை விடச் சொல்லவில்லை. உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், சரியான ஒயில், அடைப்பில்லாத எயார் ஃபில்டர், சுத்தமான இன்ஜெக்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தொலைந்த பலத்தில் பாதி அங்கேயே கிடைக்கக்கூடும் என்றார் நான் பேசிய மூத்த மெக்கானிக் ஒருவர்.

டீசலுக்குக் கல்லறை இல்லை. ஆனால் ஆக்ஸ்பேர்க் நகரின் பூங்கா ஒன்றில் அவருக்காக ஒரு கற்தோட்டம் இருக்கிறது. 1957இல் அதை அன்பளித்தவர் மகோகிச்சி யமாவோக்கா என்ற ஜப்பானியர். யன்மார் நிறுவனத்தின் நிறுவனர். விவசாயிகளும் மீனவர்களும் வாங்கக்கூடிய சிறிய டீசல் எஞ்சினை 1933இல் செய்து காட்டியவர். யன்மார் என்ற பெயரை எங்கள் கரைகளில் தெரியாதவர் இல்லை. தான் ஒருபோதும் சந்திக்காத ஒருவரால் தன் தொழில் வாழ்ந்தது என்பதற்காக, ஜப்பானிலிருந்து கற்களை ஏற்றிவந்து அந்த நினைவிடத்தை அவர் அமைத்தார். 12 வயதில் தனியாக வந்து இறங்கிய அந்த ஊரில், இன்று டீசலை நினைக்க வருபவர்களுக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது.